பாலுக்காகச் செய்யப்பட்ட சாக்லேட்

பிரிட்டிஷ் சாக்லேட்டுக்கு மதிப்பெண் போட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் உறையைத் திருப்பி, கொக்கோ எத்தனை சதவீதம் என்றுதான் தேடுகிறார்கள். இருபதை ஒட்டிய எண் கண்ணில் பட்டால் போதும், தீர்ப்பு எழுதி முடிந்துவிடும்: தித்திப்பு அதிகம், கொக்கோ குறைவு, சாக்லேட் என்று சொல்லவே தகுதியில்லை. கறுப்பு சாக்லேட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தும். ஆனால் கடந்த நூறு ஆண்டுகளுக்கும் மேலாக பிரிட்டனில் செய்யப்படும் மில்க் சாக்லேட் கொக்கோவின் வீரியத்தைக் காட்டச் செய்யப்பட்டதே அல்ல. பாலைக் காட்டச் செய்யப்பட்டது. அதன் வரலாற்றைப் பார்த்தால், எதை வைத்து அதை எடைபோட வேண்டும் என்பதும் விளங்கும்.

மென்று தின்னும் கட்டி சாக்லேட்டை 1847-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம். கொக்கோ பொடியையும் சர்க்கரையையும் உருக்கிய கொக்கோ வெண்ணெயில் குழைத்து அச்சில் வார்த்தார்கள். பால் அதில் இல்லை. பாலைச் சேர்த்து வெற்றி கண்டவர் சுவிட்சர்லாந்தின் டானியல் பீட்டர், 1870-களில். சுவிஸ் தயாரிப்பாளர்களோடு போட்டியிட 1897-இல் பிரிட்டிஷ் நிறுவனமான கேட்பரி பால்பொடி கலந்து ஒரு சாக்லேட் செய்தது. அது நாக்கில் நறநறவென்று வறண்டு கிடந்தது, போணியாகவில்லை. 1905-இல் வந்த அதன் டெய்ரி மில்க்கில் போட்டியாளர்களைவிடப் பாலைக் கூட்டிப் போட்டார்கள். அதிலிருந்துதான் பிரிட்டிஷ் ருசி தனி வழியில் போனது. அந்த வழியின் மையம் ‘க்ரம்ப்’. பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி, கொக்கோ விழுதைச் சேர்த்து, உலர்த்திப் பொடிப்பார்கள். புல் செழிக்கும் மாதங்களில் பால் பெருகும். சாக்லேட் விற்பனையோ கிறிஸ்துமஸை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். இடைப்பட்ட மாதங்களைக் கெடாமல் தாண்ட க்ரம்ப் உதவியது. அப்படிக் காய்ச்சும்போது பால்கோவாவில் ஏறும் அதே சுண்டிய பால் மணம் அதில் ஏறியது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் பரவலாகப் பயன்படும் பால்பொடியில் அந்த மணம் கிடைக்காது.

மலிவாக விற்கச் செய்த தந்திரத்துக்கு ருசி என்று பெயர் சூட்டலாமா, வேறு எதையும் அறியாத மக்கள் இதற்குப் பழகிப்போனார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1941-இல் சாக்லேட்டுக்குப் புதுப்பால் பயன்படுத்த அரசு தடை போட, டெய்ரி மில்க் கடைகளிலிருந்து மறைந்தது. யார்க் நகரத்து ரவுன்ட்ரீ தன் கிட்கேட்டைக் கறுப்பு சாக்லேட்டில் செய்து, சிவப்பு உறையை நீலமாக்கி விற்றது. பாலில்லாத சாக்லேட்டை ஒரு நாடே ஆண்டுக்கணக்கில் தின்று பார்த்தது. ஆனாலும் பால் கிடைக்கத் தொடங்கியதும் பழைய ருசிக்கே திரும்பியது. 1949 ஏப்ரலில் போர்க்கால மிட்டாய் ரேஷனை எடுத்தபோது தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் நான்கே மாதத்தில் மீண்டும் கொண்டுவந்தார்கள். 1953 பிப்ரவரியில்தான் அது ஒழிந்தது. நிறுவனங்களும் வாடிக்கையாளரின் நாக்கைக் கேட்காமல் இல்லை. ரெப்டன் பள்ளியில் 1930-களின் தொடக்கத்தில் மாணவராக இருந்த எழுத்தாளர் ரோல்ட் டால், கேட்பரி அனுப்பிய சாதா அட்டைப்பெட்டியைப் பற்றித் தன் இளமை நினைவுகளில் எழுதியிருக்கிறார். பெட்டியில் எண் மட்டும் இட்ட பன்னிரண்டு சாக்லேட்டுகள். பதினொன்று புதியவை, ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று மட்டும் பழகியது. பையன்கள் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கருத்தும் எழுதவேண்டும். பழக்கம்தான் அந்த நாக்குகளை வளர்த்தது என்பது உண்மைதான். ஆனால் பெல்ஜியத்து நாக்கையும் பழக்கம்தான் வளர்த்தது. ஒன்றைப் பண்பாடு என்றும் மற்றதைக் குறைபாடு என்றும் பிரிக்க நியாயம் ஏது?

இதைவிட வலுவான ஆட்சேபம் கொழுப்பைப் பற்றியது. பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் கொக்கோ வெண்ணெயில் ஒரு பகுதிக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்தார்கள். 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகு பெல்ஜியம், பிரான்ஸ் முதலிய நாடுகள் இதைப் பல ஆண்டுகள் எதிர்த்தன. 2000-இல் வந்த ஐரோப்பியச் சட்டம், உறையில் குறிப்பிட்டால் பாமாயில், மாங்கொட்டைப் பருப்புக் கொழுப்பு உள்ளிட்ட ஆறு வகைகளை 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்தது. குறைந்தது 20 சதவீதம் கொக்கோவும் 20 சதவீதம் பால் திடப்பொருளும் கொண்ட பிரிட்டிஷ் வகை, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ‘மில்க் சாக்லேட்’ என்றே விற்க அது இடம் கொடுத்தது. மற்ற உறுப்பு நாடுகளில் அந்த வகைக்கு ‘ஃபேமிலி மில்க் சாக்லேட்’ என்று பெயர் வைத்தது. சாதாரண மில்க் சாக்லேட்டுக்கு விதித்த குறைந்தபட்ச அளவு 25 சதவீதம் கொக்கோ, 14 சதவீதம் பால். இந்த வழக்கில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுவிட்டன. மாற்றுக் கொழுப்பு செலவைக் குறைக்கும் வழி. அதைக் கண்டிப்பதில் தவறில்லை. கூடுதல் பால் அப்படியல்ல; அது வேண்டுமென்றே எடுத்த முடிவு.

ஆகவே பிரிட்டிஷ் சாக்லேட்டை மதிப்பிடுபவர் கேட்கவேண்டியது பாலைப் பற்றி: சுண்டிய மணம் வாயில் எழுகிறதா, சர்க்கரை அதை அமுக்கிவிட்டதா, கொக்கோ வெண்ணெய்க்கே உரிய சீரான உருகல் இருக்கிறதா, மெழுகுபோல் ஒட்டுகிறதா? இது சலுகை காட்டும் அளவுகோல் என்று நினைத்தால் தவறு. கொக்கோ எண்ணைப் பார்த்து மொத்த வகையையும் தள்ளுபவரிடம் நல்ல டெய்ரி மில்க்கும் மட்டமான நகலும் ஒரே மதிப்பெண்தான் வாங்கும். பாலை வைத்துப் பார்ப்பவரிடம்தான் மட்டமானது மாட்டிக்கொள்ளும்.