வயல் மூலையில் ஏழையின் பங்கு

யூத அறம் என்றதும் பத்துக் கட்டளைகளும் சனிக்கிழமை ஓய்வும்தான் நம்மவர் நினைவுக்கு வரும். ஏறத்தாழ கி.பி. 200இல் யூதா ஹநாசி தொகுத்த யூத சட்டநூலான மிஷ்னாவின் முதல் பிரிவுக்கோ 'விதைகள்' என்று பெயர். அதில் முதல் நூல் வழிபாட்டைப் பற்றியது. இரண்டாவதான 'பேயா' வயல் மூலையைப் பற்றியது. அந்தக்காலத் தஞ்சை மிராசுதார் யாராவது அதைப் படித்திருந்தால் சற்று நெளிந்திருப்பார்.

அறுவடையின்போது ஓர் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. அரிவாளுக்குத் தப்பி ஒன்றிரண்டு கதிர் விழுந்தால் ஏழைக்கு, மூன்று விழுந்தால் நிலக்காரருக்கு. வயலில் மறந்துவிட்டுப் போன கட்டுகளுக்கும் ஹில்லேல் என்ற ஆசானின் வழிவந்தோர் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். இவற்றில் எதுவும் பிச்சை அல்ல. வேண்டியவர், வேண்டாதவர் என்று ஆள் பார்த்துக் கொடுக்கும் அதிகாரம்கூட நிலக்காரருக்குக் கிடையாது. நிலம் இறைவனுடையது, மனிதர் அதில் வந்து தங்கியவர்கள் என்ற இறையியலிலிருந்து பிறந்த உரிமை இது. யூத சட்ட ஆசான்களான ரபிகள் உலகம் அறியாதவர்களும் அல்லர். மூலைக்கதிரை ஏழைகள் கையால்தான் பறிக்க வேண்டும், அரிவாள் கூடாது என்றார்கள். முண்டியடிப்பில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டால்?

கூலி விஷயத்தில் யூத மறைநூலான தோரா இன்னும் கறார். ஏழைக் கூலியாளுக்கு அன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும். போரடிக்கும் மாட்டின் வாயைக்கூடக் கட்டக்கூடாது.

நம் காவிரிப் படுகையிலோ பண்ணையாளின் உரிமை சட்டத்தில் ஏறியது 1952இல், அதுவும் நெடிய போராட்டத்துக்குப் பிறகு. அதன் பின்னும் கூலி நெல் தகராறு ஓயவில்லை. அந்தத் தகராறில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

யூதர்களிடையே மூலைக்கதிர் தேடி ஏழைகள் வராத காலமும் வந்தது. அப்போது முழுவதையும் நிலக்காரரே அறுத்துக்கொள்ளலாம் என்று யூத சட்ட அறிஞர்கள் அனுமதித்தார்கள். ஆனால் வழக்கம் அடியோடு அற்றுவிடவில்லை. இஸ்ரேலில் 2003இல் தொடங்கிய 'லெகெட்' அமைப்பின் தன்னார்வலர்கள் வயல்களில் எஞ்சும் காய்கனிகளைப் பறித்து ஏழைகளுக்கு அனுப்புகிறார்கள். சிந்திய கதிருக்கான பழைய சட்டச் சொல்தான் அமைப்பின் பெயர். நம் டெல்டாவிலும் பெரும்பாலும் இயந்திரம்தான் அறுக்கிறது. சிந்திய நெல்லைத் தேடி வாத்து மந்தைகள் இறங்குகின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் ஈகைக்கு எட்டுப் படிகள் வகுத்தார். கடன் கொடுத்தோ, கூட்டாளியாக்கியோ, வேலை தேடித் தந்தோ ஒருவரைப் பிறர் கையை எதிர்பாராமல் நிற்கவைப்பதுதான் உச்சிப்படி. நம் டெல்டாவில் நிலமற்றவர்களுக்காக உழைத்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் அவரைப் படித்தார்களா என்பது இங்கே முக்கியமில்லை. அவர்களை நடத்தியது காந்தியமும் பூதானமும். ஆனால் 1981இல் அவர்கள் தொடங்கிய 'லாஃப்டி' அமைப்பு நேரே அந்தப் படியில்தான் ஏறியது. மிராசுதார்களிடம் பேசி விலை முடித்து, வங்கிக் கடனுக்கு வழிசெய்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வயல் வாங்கித் தந்தது. பத்திரம் பெண்களின் பெயரில் பதிவானது. கடனையும் அவர்களே விளைச்சலிலிருந்து அடைத்தார்கள்.