அக்னிபுத்ரா களவு போன கதை

பாபநாசத்தின் பெயரைத் தாங்கி 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைப் பொருநைக் கரையில் பார்க்காதவர் குறைவு. அதன் நாயகர் கமல்ஹாசன் அதற்கு 29 ஆண்டுகளுக்கு முன் நடித்த 'விக்ரம்' படத்தையோ இன்றைய இளைஞர் அறியார். 2022-இல் அதே பெயரில் வந்த வேறொரு படமே அவர்கள் நினைவில் நிற்கிறது. அணுகுண்டு அச்சத்தை வைத்துத் தமிழில் பின்னப்பட்ட அந்தப் பழைய படத்தை ஒரு காலத்தின் ஆவணமாக எடுத்துப் பார்க்கத் தகும்.

கதை எளிது. அணுகுண்டைத் தாங்கிச் செல்லவல்ல 'அக்னிபுத்ரா' என்னும் இந்திய ஏவுகணையைச் சுகிர்தராஜா என்பவன் கடத்திவிடுகிறான். (நம் பகுதிக் கிறிஸ்தவர்களிடையே அன்போடு வழங்கும் பெயரைத் தேடிப் பிடித்து வில்லனுக்குச் சூட்டியது ஏனோ!) மனைவியைப் பறிகொடுத்த உளவு அதிகாரி விக்ரம், பிரீத்தி என்னும் கணினி வல்லுநருடன் சலாமியா என்ற கற்பனை நாட்டிற்குச் சென்று அதைத் தேடுகிறான். இயக்கியவர் ராஜசேகர்; கதை சுஜாதாவினுடையது. சலாமியாவில் நிகழும் பகுதி நீண்டு சலிப்பூட்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். எனவே ஏவுகணையின் வெடிமருந்தைக் காட்டிலும் அதை இயக்கும் கணினியே அபாயத்தின் உயிர்நாடி என்பதை, நம்மில் மிகப் பலர் கணினியைக் கண்ணால்கூடக் கண்டிராத நாளிலேயே அவர் கதைக்குள் கொண்டுவந்தார்.

படம் வெளியானது 1986 மே 29. அதற்கு 33 நாட்களுக்கு முன், ஏப்ரல் 26-ஆம் நாள், சோவியத் நாட்டின் செர்னோபில் அணுவுலை வெடித்திருந்தது. அங்கே கடத்தல்காரன் எவனும் நுழையவில்லை. உலையின் வடிவமைப்பில் இருந்த குறையும், பின்னிரவில் நடத்திய ஒரு சோதனையில் விதிகள் மீறப்பட்டதுமே போதுமானவையாக இருந்தன. திரையில் நாம் கண்ட ஆபத்திற்கு ஒரு முகமும் பெயரும் இருந்தன. செர்னோபில்லில் நேர்ந்ததற்கு அவை இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் கற்பனை நம் வாசலுக்கே வந்தது. 1988 நவம்பர் 20-இல் ராஜீவ் காந்தியும் கொர்பச்சேவும் கூடங்குளம் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். 1989 மே 22-இல் ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து ஓர் ஏவுகணை சோதிக்கப்பட்டது. அதன் பெயர் 'அக்னி'.

பாபநாசத்தில் 1944 முதல் புனல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. மலையிலிருந்து இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே, கடற்கரையில், தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் 2013-லும் 2016-லும் இயங்கத் தொடங்கின. மின்னுலை அணுகுண்டன்று, குண்டைப்போல் அது வெடிக்காது. இதை நேர்மையோடு சொல்லியாக வேண்டும். ஆனால் குளிர்விக்கும் நீர் நின்றுபோனால் நேர்வதென்ன என்பதை 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலகமே கண்டது. அவ்வாண்டே இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் மீனவப் பெண்கள் உண்ணாநோன்பு அமர்ந்தனர். 2004-இல் ஆழிப்பேரலையைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அவர்கள் எவன் திருடுவான் என்று கேட்கவில்லை. காவலில் இருப்பவர்களுக்கே தவறு நேர்ந்தால் எங்கே ஓடுவது என்று கேட்டனர். அரசோ திரைக்கதையை விட்டு வெளியே வரவில்லை. அந்நியக் கரம் ஒன்றைத் தேடிற்று. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களே இதற்குப் பின்னால் இருப்பதாக 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் பேட்டியளித்தார். ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பதிவாயின. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் மாண்டார். சலாமியாவை இடிந்தகரையில் தேடிய கதை இது.

சுஜாதாவின் திருடன் பிறகு மெய்யாகவே வந்தான், ஆயுதமின்றி, கணினி வழியாக. கூடங்குளத்தில் கணினி ஊடுருவல் நிகழ்ந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி பரவியது. 29-ஆம் நாள் நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. 30-ஆம் நாள், தீங்கு விளைவிக்கும் நிரல் ஒன்று கண்டறியப்பட்டது உண்மையே என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில்தான் அது புகுந்தது, உலையை இயக்கும் கட்டமைப்பு தனித்தது, அதற்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. அவ்விளக்கத்தை ஐயுற நமக்குக் காரணமில்லை. ஆனால் அதே அறிக்கையில் ஒரு தேதியும் இருந்தது. நிரல் புகுந்த தகவல் கழகத்திற்கு வந்தது செப்டம்பர் 4. உலையின் நிழலில் வலை பின்னும் இடிந்தகரையார் அதைச் செய்தியாகக் கேட்டது, சரியாக எட்டு வாரங்கள் கழித்து.