சுவரில் ஒட்டிய தாள்

திருச்சி பாலக்கரையில் ட்ரெடில் மெஷின் ஓடிய காலத்தில் முப்பது வருஷம் ஈய எழுத்துக் கோத்தவன் நான். பெரிய நோட்டீஸ் வந்தால் துணைக்கால் தீர்ந்துவிடும். பாதியை அடித்து, எழுத்தைக் கலைத்து, மீதியைக் கோப்போம். அதனால்தான் அயர்லாந்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல். 1916 ஏப்ரலில் டப்ளினில் அவர்கள் விடுதலைப் பிரகடனத்தை அச்சிட்டபோதும் எழுத்துப் போதவில்லை. மேல்பாதியை முதலில் அடித்துவிட்டு, அதே எழுத்தை வைத்துக் கீழ்ப்பாதியை அடித்தார்கள். 'இ' தீர்ந்ததும் 'எஃப்' எழுத்தின் அடியில் அரக்கு வைத்து 'இ' ஆக்கினார்கள். அதில் பெயர் போட்ட ஏழு பேரையும் மே மாதம் கில்மெய்ன்ஹாம் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கனலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள்.

அதற்கு 115 வருஷம் முன்பே எங்கள் ஊர்ச் சுவரில் ஒரு பிரகடனம் ஒட்டப்பட்டது. அதற்கு மெஷினும் இல்லை, ஈய எழுத்தும் இல்லை, கையால் எழுதியது. 1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனை வாசலில் ஒன்று, ஸ்ரீரங்கம் கோயில் மதிலில் ஒன்று. எழுதியவர் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது.

அந்தத் தாள் யாரையெல்லாம் கூப்பிட்டது என்பதுதான் எனக்கு முக்கியம். நாலு வருணத்தாரையும் முசல்மான்களையும் சேர்த்தே அழைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சம்பளம் வாங்கிய சுபேதார், ஜமேதார், சிப்பாய் வரை பேர் சொல்லி, வெள்ளையனைக் கண்ட இடத்தில் வெட்டு என்றது. நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் நாடு போயிற்று என்று வெளிப்படையாகச் சொன்னது. கிழிப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவன் என்றும், படிப்பவர் பிரதி எடுத்துப் பரப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அச்சகம் இல்லாத ஊரில், படிக்கிறவன் கையையே அச்சாக்கிய மனுஷன்! என் தொழிலில் இதைவிடப் பெரிய யோசனையை நான் பார்த்ததில்லை.

உயிர் தப்பவேண்டும் என்றால் சின்ன மருதுவுக்கு வழி இருந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மே 24-இல் கம்பெனியிடம் விழுந்ததும் அங்கிருந்து தப்பி வந்த தலைவர் ஊமைத்துரைக்கு இடம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தார். கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை காட்டை வெட்டி வழி செய்யப் பார்த்து முடியாமல் பின்வாங்கி, பிறகு வேறு வழியாக வந்து, அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோயிலைப் பிடித்தது. அக்டோபர் 24, திருப்பத்தூரில் அண்ணன் பெரிய மருது, சின்ன மருது இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்களில் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரியும் ஒருவர். தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே சொல்கிறார். சின்ன மருதுவின் வீட்டு வாசலில் காவல் கிடையாது, யாரும் உள்ளே போகலாம் என்றும் சொல்கிறார். அந்த மனுஷனைத்தான் காட்டு மிருகத்தைப் போல விரட்டிப் பிடித்தார்கள்.

பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் எழுதிய நூலில் இந்தக் கிளர்ச்சியைத்தான் முதல் சுதந்திரப் போர் என்றார். நான் அவர் கட்சி.

ஸ்ரீரங்கத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் ரங்கநாதரைச் சேவித்த பிறகு, மதிலோரம் ஒரு நிமிஷம் நிறுத்தி, இங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது என்று சொல்லுங்கள். படித்தவர் பரப்ப வேண்டும் என்றுதான் அவர் கேட்டார்.

அந்தத் தாளுக்கு அவர் குடும்பம் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். சின்ன மருதுவைத் தூக்கிலிட்டபோது அவர் மகன் துரைசாமிக்கு வயது சுமார் 15. பிடிபட்ட மற்றவர்களோடு அவனையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் வெல்ஷ் அங்கே அவனைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை, வயதுக்கு முன்பே கிழவனாகியிருந்தான்.