டைமிங் பெல்ட்டையும் நீர் பம்பையும் மாற்றுதல்

டைமிங் பெல்ட் என்பது தானுந்துகளின் உள் எரி பொறியில் கிராங்க் தண்டையும் கேம் தண்டையும் இணைத்து, அவை பிசகின்றி ஒத்துச் சுழலச் செய்யும் பற்களுடைய இரப்பர்ப் பட்டை ஆகும். பல பொறிகளில் இப்பட்டையே பொறியைக் குளிர்விக்கும் நீர் பம்பையும் சுழற்றுகின்றது. அத்தகைய பொறிகளில் இவ்விரண்டையும் ஒன்றாக மாற்றுவது வழக்கம். தகுந்த கருவிகளும் அப்பொறிக்குரிய பழுதுபார்ப்புக் கையேடும் உள்ளவர்கள் இவ்வேலையை வீட்டிலேயே செய்வதுண்டு.

தொழிற்பாடு

நான்கு வீச்சுப் பொறியில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுழலும்போது கேம் தண்டு ஒரு முறை சுழலும். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

சில பொறிகளில் திறந்த வால்வு வந்து நிற்கும் இடத்துக்கே பிஸ்டனும் வேறொரு கணத்தில் வந்து செல்கின்றது. இவ்வகைப் பொறியில் பெல்ட் அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டோ மேலும் சுழலும். அப்போது பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். சுபாருவின் ஈஜே25 இவ்வகையைச் சேர்ந்தது. டொயோட்டாவின் 5எஸ்-எஃப்ஈ போன்ற பொறிகளில் இம்மோதல் நிகழாது. வண்டி நின்றுவிடுவதோடு சரி.

வரலாறு

தொடக்கத்தில் இவ்விணைப்புக்குச் சங்கிலியோ பல்சக்கரங்களோ பயன்பட்டன. 1962 இல் மேற்கு ஜெர்மனியின் கிளாஸ் 1004 வண்டி பற்பட்டையுடன் சந்தைக்கு வந்தது. 1966 இல் பான்டியாக், ஃபியட் நிறுவனங்களும் இதனைப் பயன்படுத்தின. பட்டை சங்கிலியை விட ஓசை குறைந்தது. பெரும்பாலான பொறிகளில் அதற்கு எண்ணெய்ப் பூச்சும் தேவையில்லை. எனினும் அதன் ஆயுள் வரம்புக்குட்பட்டது.

மாற்ற வேண்டிய காலம்

பொறிக்கேற்ப ஏறத்தாழ 60,000 முதல் 1,60,000 கி.மீ. வரை கெடு குறிக்கப்படுகின்றது. வண்டி ஓடாமல் நின்றாலும் இரப்பர் முதுமையடையும். ஆதலால் கையேட்டில் ஆண்டுக்கணக்கும் தரப்பட்டிருக்கும். இரண்டில் எது முன்னர் வருகின்றதோ அதுவே கெடு. பெரும்பாலும் பெல்ட் முன்னறிவிப்பின்றியே அறுகின்றது.

நீர் பம்பைச் சேர்த்து மாற்றுவதன் காரணம்

பம்பின் பேரிங் இறுகினால் அதன்மேல் ஓடும் பெல்ட்டின் பற்கள் உரிந்துவிடும். அதன் சீல் கசிந்தால் கூலண்ட் பெல்ட்டில் படிந்து அதனைக் கெடுக்கும். ஆகவே பழைய பம்பு புதிய பெல்ட்டையும், அதன்வழி பொறியையும் அழிக்கவல்லது. மேலும், பம்பை மட்டும் பின்னர் மாற்ற நேர்ந்தால் அதே பாகங்களை மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும். டென்ஷனர், ஐட்லர் உருளைகள் ஆகியனவும் இதே காரணத்தால் மாற்றப்படுகின்றன. மாருதி 800 போன்று வெளிப்புற பெல்ட்டால் பம்பு சுழலும் வண்டிகளுக்கு இக்காரணம் பொருந்தாது.

மாற்றும் முறை

* பொறி முற்றிலும் குளிர்ந்தபின் மின்கல இணைப்பு நீக்கப்பட்டு, கூலண்ட் வடிக்கப்படும்.
* வெளிப்புற பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, மூடிகள் ஆகியன கழற்றப்படும். கிராங்க் புல்லியின் போல்ட் மிக இறுக்கமாக இருக்குமாதலால் புல்லியைப் பிடிக்கத் தனிக்கருவி தேவைப்படும்.
* கிராங்க் தண்டைச் சுழற்றி, பல்சக்கரக் குறிகள் பொறியிலுள்ள குறிகளுடன் பொருத்தப்படும். பல பொறிகளில் இந்நிலையில் முதலாம் பிஸ்டன் உச்சியில் இருக்கும். சுபாரு ஈஜே பொறிகளில் பிஸ்டன்கள் நடுவழியில் நிற்கும். அங்கு கிராங்க் பல்சக்கரத்தின் அம்புக்குறியைக் கொள்ளாது கோட்டுக்குறியையே கொள்ள வேண்டும்.
* டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட் எடுக்கப்படும். அதன்பின் கிராங்க் தண்டையோ கேம் தண்டையோ தனியே சுழற்றலாகாது.
* பழைய பம்பு நீக்கப்பட்டு, அது அமரும் பரப்பு கீறலின்றித் துடைக்கப்படும். புதிய பம்பு புதிய கேஸ்கெட்டுடன் பொருத்தப்பட்டு, போல்ட்டுகள் கையேட்டில் கூறிய முறுக்கத்துக்கு இறுக்கப்படும்.
* புதிய பெல்ட் மாட்டப்படும். தொய்வு டென்ஷனர் உள்ள பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். பின்னர் டென்ஷனர் அத்தொய்வை நீக்கும்.

சரிபார்த்தல்

பொறியை இயக்குமுன் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்ற வேண்டும். கேம் தண்டு ஒரு சுற்றை முடித்து, எல்லாக் குறிகளும் மீண்டும் பொருந்த இவ்வளவு தேவை. பொறி இயல்பாகச் சுழலும் திசையிலேயே சுழற்ற வேண்டும். பெரும்பாலான பொறிகளில் இது பெல்ட் பக்கமிருந்து பார்க்கையில் வலஞ்சுழி. ஹோண்டாவின் டி வரிசைப் பொறிகளில் இடஞ்சுழி. இடையில் தண்டு தடைபட்டால் வலிந்து திருப்பலாகாது. வால்வில் பிஸ்டன் முட்டியிருக்கலாம் என்பதால் பெல்ட்டைக் கழற்றிக் குறிகளை மீண்டும் பார்க்க வேண்டும். கையால் திருப்பும்போது உணரப்படும் இத்தடையைக் கவனியாது சாவியைத் திருப்பினால் வால்வுகள் வளையும்.

குறிகள் பொருந்தியபின் மூடிகளும் பிற பாகங்களும் பூட்டப்படும். கூலண்ட் நிரப்பி, அதிலுள்ள காற்றை வெளியேற்றி, கசிவு உண்டா எனப் பார்க்கப்படும்.

பாதுகாப்பு

ஜாக் மட்டும் தாங்கும் வண்டியின் கீழ் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் தேவை. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு ஆகும். வடித்த கூலண்டைக் குழந்தைகளும் விலங்குகளும் அணுகாதவாறு மூடிவைக்க வேண்டும்.