துரையப்பா விளையாட்டரங்கு: மண்ணுக்கடியில் இருந்தவை

யாழ்ப்பாணக் கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அருகே, முற்றவெளியை ஒட்டி அமைந்திருப்பது துரையப்பா விளையாட்டரங்கு. மாநகர முதல்வராக இருந்தபோது 1975 யூலை 27 அன்று பொன்னாலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரே நம்மவரிடையே ஒருமித்த நினைவைத் தருவதில்லை.

உதைபந்தாட்டத்துக்கும் மெய்வல்லுநர் போட்டிகளுக்கும் உரிய இந்த மைதானம் யுத்த காலத்தில் பாழடைந்தது. 1999இல் புனரமைப்புக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1987 முதல் இந்திய இராணுவமும், 1995இன் இறுதியிலிருந்து இலங்கை இராணுவமும் நிலைகொண்டிருந்த நகரம் இது. காணாமற்போனோரைத் தேடிய குடும்பங்களுக்கு அது வெறும் கட்டுமானச் செய்தியாக இருக்கவில்லை.

பின்னர் இந்திய அரசு ஏழு கோடி இந்திய ரூபாவுக்கு மேல் வழங்க, 1,850 பேர் அமரக்கூடியதாக அரங்கு திருத்தப்பட்டது. 2016 யூன் 18 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிலும், பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகவும் திறந்துவைத்தனர். சர்வதேச யோகா தினத்தையொட்டிய பயிற்சியும் அன்று நடந்தது. அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவும் இங்கு வந்தது. எலும்புக்கூடுகளைப் பற்றிய நினைவுப்பலகை எதுவும் திறப்பு விழாவின் பேசுபொருளாகவில்லை.