குதிரையா, பிஷப்பா? செஸ்ஸில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

மொபைலில் 10 நிமிட செஸ் ஆடுகிறீர்கள். உங்கள் பிஷப் எதிராளியின் குதிரையைக் குறிவைத்து நிற்கிறது. அவர் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார். 'வெட்டுறியா, போறியா?' என்று கேட்பதுபோல. வெட்டினால் குதிரை அவருக்குப் போச்சு, பிஷப் உங்களுக்குப் போச்சு. சின்ன வயதில் கற்ற கணக்குப்படி இரண்டுக்கும் தலா 3 புள்ளி. அப்போ சரிக்குச் சரிதானே?

கட்டங்களை எண்ணினால் அப்படித் தெரியவில்லை. காலிப் பலகையின் மூலையில் நிற்கும் பிஷப் 7 கட்டங்களுக்குப் போகலாம், நடுவில் நின்றால் 13. குதிரைக்கு மூலையில் 2, நடுவில் 8 மட்டுமே. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு பிஷப் ஒரே நகர்த்தலில் போய்விடும். குதிரைக்கு 6 ஆகும்.

ஆனால் பிஷப் (இந்தியில் இதன் பெயர் ஒட்டகம்!) எந்த நிறத்தில் தொடங்கியதோ, ஆட்டம் முடியும்வரை அதே நிறம்தான். மீதி 32 கட்டங்களில் என்ன நடந்தாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும், நடுவில் யார் நின்றாலும் தாண்டும்.

சிப்பாய்களைப் பாருங்க

உண்மையில் விடை சிப்பாய்களிடம் இருக்கிறது. உங்கள் சிப்பாய்கள் உங்கள் பிஷப்பின் நிறத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றால், அது பெரிய சைஸ் சிப்பாய் மாதிரிதான். பிரெஞ்ச் டிஃபென்ஸ் ஆடுபவர்களுக்கு வெள்ளைக் கட்ட பிஷப்பின் இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். நடுப்பகுதி இப்படி அடைபட்டிருந்தால் குதிரைக்குக் கொண்டாட்டம்.

1985 உலக சாம்பியன்ஷிப்பின் 16வது ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. காஸ்பரோவ் 16வது நகர்த்தலில் தன் குதிரையை டி3 கட்டத்தில், அதாவது கார்போவின் வீட்டுக்குள்ளேயே, உட்காரவைத்தார். அதை விரட்ட ஒரு சிப்பாய்கூட இல்லை. கார்போவின் யானைகள் நகர இடமின்றித் திணறின. 'ஆக்டோபஸ்' என்றே அந்தக் குதிரைக்குப் பெயர் வந்துவிட்டது. 40 நகர்த்தல்களில் காஸ்பரோவ் வென்றார்.

பலகை திறந்து, இரண்டு பக்கமும் சிப்பாய்கள் இருந்தால் கதை தலைகீழ். 1971இல் வான்கூவரில் டைமனோவுக்கு எதிரான 4வது ஆட்டத்தில் ஃபிஷரிடம் பிஷப், எதிரே குதிரை. பிஷப் நினைத்தபோது ஒரு கட்டம் முன்னே பின்னே போய் முறையை எதிராளியிடம் தள்ளிவிடலாம். குதிரையால் அது முடியாது. டைமனோவுக்கு நல்ல நகர்த்தலே மிஞ்சவில்லை. கடைசியில் ஃபிஷர் அந்த பிஷப்பையே கொடுத்துவிட்டு, ராஜாவை உள்ளே அனுப்பிச் சிப்பாய்களை அள்ளினார்.

ஜோடி இருந்தால்?

1999இல் லாரி காஃப்மன் ஏராளமான ஆட்டங்களை அலசிச் சொன்னது இது: தனித்தனியாகப் பார்த்தால் குதிரையும் பிஷப்பும் சராசரியாகச் சமம். ஆனால் இரண்டு பிஷப்பும் கையில் இருந்தால் சுமார் அரைச் சிப்பாய் கூடுதல் மதிப்பு. ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடுகிறதே! தனியாக நிற்கும் ராஜாவை இரண்டு பிஷப்களால் கட்டாயமாக மேட் செய்யலாம். இரண்டு குதிரைகளால் முடியாது.

ஆக, அந்த 10 நிமிட ஆட்டத்தில் வெட்டும்முன், எதிராளி எதால் திருப்பி வெட்டுவார் என்று பாருங்க. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயால் வெட்டியே ஆகவேண்டும் என்றால், அவர் கோட்டை உடையும், தாராளமாக வெட்டலாம். ராணியால் நிம்மதியாக எடுத்துக்கொள்வார் என்றால், பிஷப் ஜோடியைச் சும்மா தாரைவார்க்கிறீர்கள். பின்வாங்குவதே பெரும்பாலும் நல்லது.

ஒரு பிஷப், ஒரு குதிரை மட்டும் மிஞ்சினால்? மேட் உண்டு, அதிகபட்சம் 33 நகர்த்தல்கள். ஆனால் 2013இல் ஜெனீவாவில், அப்போதைய மகளிர் உலக சாம்பியன் அன்னா உஷெனினாவே வழி கிடைக்காமல் தடுமாறினார். 50 நகர்த்தல் விதிப்படி அந்த ஆட்டம் டிரா ஆனது.