மடி

உடலுறுப்புக்களின் பெயர்கள் பெரும்பாலும் அவ்வுறுப்புக்களைப் போலவே நிலையானவை. கையும் காலும் கண்ணும் நாம் உறங்கினாலும் நடந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மடியின் இயல்பு வேறு. உட்கார்ந்து காலை மடக்கினால் உண்டாகிறது. எழுந்து நின்றால் இல்லாமற் போகிறது. மடிதல் என்னும் வினையே பெயராகி நின்ற சொல் அது. ஒரு ஸ்தானத்தின் பெயராக வழங்கிவந்தாலும் உண்மையில் ஒரு செய்கையைக் குறிப்பதே அதன் விசேஷம். குடும்ப வாழ்வில் அன்பு எங்கே குடிகொண்டிருக்கிறது என்று தேடுகிறவர்கள் இந்தச் சிறு சொல்லின் பின்னே சற்றுப் பொறுமையோடு நடந்து பார்ப்பது நல்லதென்பது என் அபிப்பிராயம்.

இச்சொல்லின் பொருள்களெல்லாம் ஒருங்கே வழங்கும் ஊர் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் பல்லடத்தைக் காட்டுவேன். 2009 இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரையில் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வட்டாரத்தில், பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போன பெண்கள் சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிப் பையாக்கிக்கொண்டு, வெடித்த காய்களிலிருந்து பஞ்சைப் பறித்து அதற்குள் நிரப்பினார்கள். அந்தத் துணிப் பைக்கும் மடி என்றே பெயர். பஞ்சு நூலாகி, நூல் பாவும் ஊடையுமாகத் தறியேறி வெளுக்காத காடாத் துணியாக இறங்கியபின், அதை மீட்டர் மீட்டராக மடித்து அடுக்குவதும் அதே வினைதான். கட்டுத்தரையில் நிற்கும் பசுவுக்குப் பால் சுரக்குமிடமும் மடியே.

துணிக்கும் இச்சொல்லுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவை, வருணிக்கும் இளங்கோவடிகள், பஞ்சு நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகள் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக நிறைந்திருப்பதைச் சொல்லுமிடத்தில், மடித்து வைத்த ஆடையை மடி என்றே குறிப்பிடுகிறார். திருக்குறளின் 61 ஆம் அதிகாரத்திலோ இச்சொல் சோம்பலைக் குறிக்கிறது. அவ்வதிகாரத்து 603 ஆம் குறளில் சோம்பலுக்குப் பெயராகவும், அதனால் குடி அழிவதற்கு வினையாகவும் அதுவே வருகிறது. துணி வளைவதும், ஊக்கம் தளர்வதும், உயிர் சாய்வதும் ஆகிய மூன்றும் மடிதலே. மலையாளத்தில் மடி என்றால் தாய் மடியும் உண்டு, சோம்பலும் உண்டு; கன்னடத்தார் தாய் மடியை மடிலு என்பார்கள்; குளித்து உடுத்தும் ஆசாரத்தை மடி என்னும் வழக்கு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கிறது. தளர்ச்சிக்கும் சாவுக்கும் உரிய அந்தச் சொல்லையே குழந்தை கண்வளரும் இடத்திற்கும் நம் முன்னோர் வைத்தது தற்செயலென்று எனக்குத் தோன்றவில்லை. நிமிர்ந்து நின்றவர் தம் நிமிர்வை விட்டுக்கொடுத்த பிறகே அங்கே இன்னோர் உயிருக்கு இடம் பிறக்கிறது.

பல்லடத்துத் தறிக் குடோன்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைத்தறி நெய்தவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்தார். நெய்த துணி அவர் மடியை ஒட்டியே சுருண்டது. விசைத்தறி வந்தபின் உட்காருவதற்கு வழியில்லை. ஊடை நூலைச் சுமந்து நாடா பாயும் பேரோசையில் பக்கத்திலிருப்பவர் பேச்சும் கேளாமல், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்த தறிக்கும் இழை அறுந்த தறிக்குமாக நடந்து நடந்து, ஷிப்ட் முழுவதும் கால்மேலேயே நிற்க வேண்டும். அப்படி நின்ற கால்களோடு வீடு திரும்பிய ஒரு தாய், செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து காலை மடக்கும் அந்த க்ஷணத்தைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் விட்டு முன்னமே வந்து காத்திருந்த பிள்ளை ஒரு வார்த்தையும் பேசாமல் தலையைக் கொண்டுவந்து வைத்துவிடும். “இரு கண்ணு, மேலெல்லாம் பஞ்சு” என்பாள் அவள். சொல்லிக்கொண்டே, தன் சேலையிலிருந்து பிள்ளையின் தலைமயிரில் ஒட்டிக்கொண்ட துகள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளை தூங்கி எழும்போது கொசுவத்தின் கோடுகள் அதன் கன்னத்தில் பதிந்திருக்கும். உலை வைக்க வேண்டும், குழாயில் தண்ணீர் வரும் நேரம், துவைக்காத துணி கிடக்கிறது, இவ்வளவும் அவளுக்குத் தெரியும். ஆயினும் கால் மரத்துப்போகும் வரையில் அவள் எழுந்திருப்பதில்லை. வாத்ஸல்யம் என்று பெரியோர்கள் பெயரிட்டு விரித்துரைத்த பாவத்திற்கு இதைக்காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மடி தாய்க்கு மட்டுமே உரியதன்று. காதுகுத்துச் சடங்கில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டுமென்பது கொங்கு நாட்டிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் வழங்கும் சம்பிரதாயம். அன்றைக்கு வரும் சீர்த் தட்டுக்களைப் பற்றியே ஊரில் அதிகம் பேசுகிறார்கள். ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு, அது கதறிக் காலை உதைத்தாலும், புது வேட்டி நனைந்தாலும், அசையாமல் உட்கார்ந்திருப்பதே மாமன் செய்யும் முதற் சீரென்று நான் கருதுகிறேன்.

2011 இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது முதல் இச்சொல் புதிய பொருளொன்றையும் சுமந்து வீடுதோறும் நுழைந்திருக்கிறது. பருத்தியைச் சுமந்த சொல் கணினியையும் சுமப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பருத்தி மடியை எப்படிக் கட்டினார்கள், நிறைந்த மடியை எங்கே கொட்டினார்கள், கைக்குழந்தையோடு காட்டுக்குப் போனவள் இரண்டையும் எவ்வாறு சுமந்தாள் என்பவற்றைத் தம் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடிய அம்மாயிமாரும் ஆத்தாமாரும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். பல்லடம் வட்டாரத்து வாசகர்கள் அவர்களருகில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் வாயில் வரும் சொற்களை வந்தபடியே எழுதி வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.